உக்கிராணமும் கணக்கும்: செராம்பூர் முதல் அலிப்பூர் வரை வில்லியம் கேரியின் தொழில் தலைமை

முன்னுரை

கொல்கத்தா மாநகரின் அலிப்பூர்ப் பகுதியில் பெல்வதேர் மாளிகையில் இயங்கும் தேசிய நூலகம் தமிழாய்வாளர்கள் நன்கறிந்த இடமாகும். பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளையின் நூற்றொகுதி அங்குத்தான் பேணப்படுகிறது. இந்திய அச்சு வரலாற்றை விரிவாக எழுதிய பி. எஸ். கேசவன் என்னும் தமிழர் அந்நூலகத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். அந்நூலகத்திற்கு அண்மையில், அலிப்பூர்ச் சாலையில், வேளாண் தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டம் உள்ளது. நூலகத்திற்குச் செல்வோரில் பலர் அத்தோட்டத்தை ஒரு பூங்காவாக மட்டுமே கண்டு கடந்து செல்வர். ஆயினும் இவ்விரு நிறுவனங்களும் பழைய தொடர்புடையன. 1844இல் கட்டி முடிக்கப்பெற்ற மெட்கால்ப் மண்டபத்தில் தேசிய நூலகத்தின் முன்னோடியான கல்கத்தா பொது நூலகமும் இக்கழகமும் ஒருங்கே இடம்பெற்றிருந்தன. வங்காள நாவலின் முன்னோடிகளுள் ஒருவராகிய பியாரி சந்த் மித்ரா அந்நூலகத்தின் பொறுப்பாளராகவும் இக்கழகத்தின் ஈடுபாடுமிக்க உறுப்பினராகவும் விளங்கினார்.

இக்கழகத்தை 1820இல் தோற்றுவித்தவர் செராம்பூர் மறைப்பணியாளர் வில்லியம் கேரி (1761–1834). மொழிபெயர்ப்பாளராகவும் வங்க உரைநடையின் ஊக்குநராகவும் கேரி பெரிதும் ஆராயப்பெற்றுள்ளார். அவுரித் தொழிற்சாலை மேலாளராகவும், அச்சகம், தாளாலை, சேமிப்பு வங்கி, கல்லூரி ஆகியவற்றை நடத்திய குழுவின் தலைவராகவும் அவர் ஆற்றிய பணி அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. கிறித்தவ நெறியைத் தொழில் நிருவாகத்தில் அவரும் அவர்தம் தோழர்களும் எவ்வாறு கைக்கொண்டனர், அந்நெறி எங்கு வென்றது, எங்கு இடறியது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

உக்கிராணக்காரன் என்னும் கருத்து

செல்வத்தைப் பற்றிய கிறித்தவ அறத்தின் மையமாக விளங்குவது உக்கிராணத்துவம் என்னும் கருத்தாகும். உக்கிராணம் என்பது கோயில், மடம், அரண்மனை, திருமண வீடு ஆகியவற்றின் பண்டசாலையைக் குறிக்கும் சொல். விவிலியத்தைத் தமிழாக்கியோர் தலைவனின் பொருளை மேற்பார்க்கும் பணியாளனை உக்கிராணக்காரன் என்றனர். தமிழ் வழக்கறிந்த எவருக்கும் இச்சொல்லின் உட்பொருள் எளிதில் விளங்கும். பண்டசாலையின் திறவுகோல் அவனிடம் இருக்கும், பண்டம் அவனுடையதன்று. அன்றாடம் எடுத்ததற்கும் வைத்ததற்கும் அவன் கணக்குக் காட்டியாக வேண்டும். லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் உவமையில் தலைவன் உக்கிராணக்காரனை அழைத்துக் கேட்பதும் கணக்கையேயாகும். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையும் கணக்குத் தீர்க்கும் நாளை நோக்கியே நகர்கிறது.

எனவே இக்கருத்திற்கு இரு கூறுகள் உண்டு. ஒன்று, உடைமை கொள்ளாமை. மற்றொன்று, கணக்கு ஒப்புவித்தல். தமிழ் மரபும் வணிக அறத்தை இத்தகைய நிலையில் வைத்தே பேசியுள்ளது. பிறர் பொருளையும் தம் பொருள்போற் பேணுதலைத் திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரம் வணிகர்க்குரிய இலக்கணமாக்குகிறது. கொள்வதில் மிகாமலும் கொடுப்பதில் குறையாமலும் வாழ்ந்த புகார் வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. செராம்பூர்க் குழுவினர் முதற்கூற்றினை ஏறத்தாழ முழுமையாகக் கடைப்பிடித்தனர். அவர்கள் இன்னலுற்றது இரண்டாங்கூற்றில்தான்.

அவுரித் தொழிற்சாலை

இங்கிலாந்தின் நார்தாம்டன் பகுதியில் காலணி தைத்தும் பள்ளியில் கற்பித்தும் வாழ்ந்த கேரி, 1792இல் மறைப்பணியின் தேவை பற்றிய தம் சிறுநூலை வெளியிட்டார். அந்நூலில் அவர் எடுத்தாண்ட ஒப்புமை வணிகத்திலிருந்து பெற்றதாகும். வணிகக் குழுவினர் அரசப் பட்டயம் பெற்றபின் அறியாக் கடல்களையும் அஞ்சாது கடக்கின்றனர். அத்தகைய கூட்டமைப்பும் முனைப்பும் மறைப்பணிக்கும் வேண்டும் என்பது அவர் வாதம். அதே ஆண்டில் பாப்திஸ்து மறைப்பணிச் சங்கம் உருவாயிற்று.

1793 நவம்பரில் வங்காளம் வந்தடைந்த கேரியின் கைப்பொருள் விரைவிலேயே தீர்ந்தது. 1794இல் ஜார்ஜ் உட்னி என்பவரின் மத்னாபட்டி அவுரித் தொழிற்சாலைக்கு மேலாளரானார். தமக்கென அனுப்பும் உதவித்தொகையை வேறு பணிக்குப் பயன்படுத்துமாறு அவர் சங்கத்திற்கு எழுதினார். சங்கத்தாரோ வணிக மனப்பான்மை அவரைப் பற்றிக்கொள்ளலாகாது என எச்சரித்து விடையெழுதினர். இது கேரியின் மனத்தைப் புண்படுத்தியது. பணத்தைத் தாமே ஈட்டுவோர்க்கும் அவர்களை அனுப்பியோர்க்கும் இடையே பின்னாளில் எழுந்த பெரும்பிணக்கின் வித்து இம்முதல் மடல்களிலேயே காணப்படுகிறது. வெள்ளத்தாலும் வறட்சியாலும் அவுரித் தொழில் நொடித்தது. ஆயினும் உழவர்களின் நிலை, மண்ணின் இயல்பு, கடனின் சுமை ஆகியவற்றைக் கேரி கண்கூடாகக் கண்டறிந்த காலம் இதுவே. தினாஜ்பூர் மாவட்ட வேளாண்மை பற்றி அவர் பின்னர் ஆசியக் கழகத்தின் ஆய்விதழில் எழுதிய கட்டுரைக்கு இப்பட்டறிவே அடிப்படையாயிற்று.

பொதுப்பணமும் பொதுவிதிகளும்

கிழக்கிந்தியக் கும்பெனி தன் ஆட்சிப்பகுதியில் மறைப்பணியாளர்களை விரும்பவில்லை. எனவே 1799இல் வந்த புதியவர்கள் டேனியர் ஆட்சியிலிருந்த செராம்பூரில் தங்கினர். 1800 சனவரி 10ஆம் நாள் கேரியும் அவர்களோடு சேர்ந்தார். அச்சுத்தொழில் கற்று இதழாசிரியராகவும் இருந்த வில்லியம் வார்டு, பள்ளியாசிரியரான யோசுவா மார்ஷ்மன், அவர்தம் துணைவியார் ஹன்னா மார்ஷ்மன் ஆகியோர் அக்குழுவில் குறிப்பிடத்தக்கோர்.

அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகள் தொழில் தலைமை நோக்கில் ஆராயத்தக்கவை. அனைவரும் நிகரானவர், குழுவிற்குத் தலைவர் என ஒருவர் இல்லை. முடிவுகள் பெரும்பான்மையால் எடுக்கப்பெறும். வீட்டு நிருவாகத்தை ஒவ்வொருவரும் ஒரு மாதம் முறைவைத்து நடத்துவர். சனிக்கிழமை மாலைதோறும் ஒன்றுகூடி, அவ்வாரத்தில் எழுந்த மனவேறுபாடுகளைப் பேசித் தீர்த்துக்கொள்வர். எவரும் தமக்கெனத் தனிவணிகம் செய்தலாகாது. எவர் ஈட்டினும் அது பொதுப்பணத்தில் சேரும். அப்போஸ்தலர் நடபடிகளில் காணும் பொதுவாழ்வும், மொரேவிய மறைப்பணியாளர்களின் கூட்டுக்குடும்ப முறையும் இவர்களுக்கு முன்மாதிரிகளாயின. 1805இல் இயற்றப்பெற்ற உடன்படிக்கை இந்நெறியை மேலும் வலியுறுத்தியது. பிள்ளைகளுக்கெனச் சிறுபொருள் சேர்க்கும் எண்ணத்தையும் அது விலக்கிற்று. தனிவணிகம் பற்றிய தீர்மானம் தளர்ந்தால் பணியே அழியும் என அது அறிவித்தது.

இது வெறும் உறுதிமொழியாக நின்றுவிடவில்லை. 1801இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி ஆசிரியராக அமர்ந்த கேரிக்கு மாதம் 500 ரூபாய் ஊதியம் கிடைத்தது. பேராசிரியரானபின் அது 1,000 ரூபாயாயிற்று. மார்ஷ்மன் இணையர் நடத்திய தங்கிப் பயிலும் பள்ளிகளும் வார்டு நடத்திய அச்சகமும் பெரும் வருவாய் ஈட்டின. ஒவ்வொரு குடும்பமும் அதிலிருந்து சிறுதொகையை மட்டுமே செலவிற்குப் பெற்றது. கல்லூரிக்கு ஏற்ற உடை வேண்டும் என்பதற்காகக் கேரிக்குச் சற்றுக் கூடுதலாகத் தரப்பட்டது. மிகுதியனைத்தும் கட்டடம், பள்ளி, மொழிபெயர்ப்பு, புதிய பணித்தளங்கள் ஆகியவற்றிற்குச் சென்றது.

இவ்வருவாயின் ஒரு பகுதி கும்பெனி ஆட்சியின் கல்லூரியிலிருந்து வந்தது என்பதும், ஆட்சியாளர்களின் அச்சுப்பணிகள் அச்சகத்தை வளர்த்தன என்பதும் மறக்கத்தக்கன அல்ல. தம்மைத் தம் மண்ணில் தங்கவிடாத ஆட்சியிடமே ஊதியம் பெற்று அக்குழு வளர்ந்தது.

அச்சகம்: திறனறிந்து ஆளுதல்

வினைக்குரியவனை ஆராய்ந்து அவனிடமே வினையை ஒப்படைத்தலைத் திருக்குறள் தெரிந்துவினையாடல் என்னும் அதிகாரத்தில் வகுத்துரைக்கிறது. செராம்பூர் அச்சகத்தின் வெற்றிக்கு இந்நெறி பெரிதும் காரணமாயிற்று. சார்லஸ் வில்கின்சிடம் வங்க எழுத்து வார்க்கப் பயின்ற பஞ்சானன் கர்மகார் 1800ஆம் ஆண்டையொட்டிச் செராம்பூர் வந்தார். அவருக்குப்பின் அவர் மருமகன் மனோகர் கர்மகார் பல்லாண்டுகள் எழுத்துவார்ப்பை நடத்தினார். மனோகர் தம் சமயத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அவரது இன்றியமையாமைக்கு அது தடையாகவும் இல்லை. மிருத்யுஞ்ஜய வித்யாலங்கார் முதலிய பண்டிதர்களின் புலமையும் இம்முறையிலேயே மதிக்கப்பெற்றது. சமயப் பரப்பலையே குறிக்கோளாகக் கொண்ட ஒரு தொழிலகம் பணித்திறனையும் நம்பிக்கையையும் தனித்தனியே நோக்கியமை அதன் நடைமுறை அறிவைக் காட்டுகிறது.

1812 மார்ச்சு 11ஆம் நாள் இரவு அச்சகம் தீக்கிரையாயிற்று. கேரியின் பன்மொழி அகராதிக் கையெழுத்துப்படி, இலக்கணப் படிகள், பெருந்தாள் இருப்பு, தமிழ் உள்ளிட்ட பல மொழிகளின் எழுத்துகள் ஆகியன அழிந்தன. இழப்பு ஏறத்தாழ 10,000 பவுன் என மதிப்பிடப்பெற்றது. அச்சுப்பொறிகளும் எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகளும் தப்பின. வார்டு உருகிய ஈயத்தைத் திரட்டி, எழுத்துவார்ப்போரை முறைவைத்துப் பணியில் அமர்த்தினார். சில மாதங்களில் பெரும்பாலான மொழிகளின் எழுத்துகள் மீண்டும் வார்க்கப்பெற்றன. கல்கத்தா துணை விவிலியச் சங்கத்திற்காகப் பெப்ரிசியுசின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1813இல் இவ்வச்சகத்திலிருந்தே வெளிவந்தது. இங்கிலாந்தில் ஐம்பது நாள்களுக்குள் இழப்பிற்கு ஈடான பணம் திரண்டது. குழுவினர் ஈட்டியதைத் தமக்கெனச் சேர்த்ததில்லை என்னும் நன்மதிப்பும் மக்கள் மனமுவந்து கொடுத்தமைக்கு ஒரு காரணம் எனலாம்.

தாளாலையிலும் இத்தகைய நடைமுறை அறிவு தென்படுகிறது. கஞ்சிப்பசை ஏற்றிய நாட்டுத்தாளைச் செல் அரித்தது. பூச்சியரிக்காத தாளைச் செய்ய நெடுங்காலம் முயன்று வென்றனர். ஆள்கள் முறைவைத்து மிதித்த சக்கரத்தின் இடத்தில், 1820இல் இங்கிலாந்தின் போல்டன் நகரிலிருந்து வந்த 12 குதிரைத்திறன் நீராவிப்பொறி அமைக்கப்பெற்றது. 1818இல் சமாசார் தர்ப்பண் என்னும் வங்க இதழும் செராம்பூர்க் கல்லூரியும், 1819இல் சேமிப்பு வங்கியும் தொடங்கப்பெற்றன.

தரங்கம்பாடியோடு ஓர் ஒப்பீடு

டேனியர் ஆட்சியிலிருந்த மற்றோர் ஊராகிய தரங்கம்பாடியின் பட்டறிவு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1706இல் வந்த சீகன்பால்கு அங்கு அச்சகம் நிறுவினார். பொறையாற்றில் தாளாலையும் அமைந்தது. ஆனால் அப்பணி டேனிய அரசரின் ஆதரவையும் ஜெர்மானிய ஹாலே நகர நிறுவனங்களின் கொடையையும் சார்ந்திருந்தது. ஹாலே நிறுவனங்களோ மருந்து விற்பனையாலும் நூல்வெளியீட்டாலும் தம் அறப்பணிகளுக்குப் பொருளீட்டியவை. அங்ஙனமாயின், தரங்கம்பாடியில் வருவாய் ஈட்டுமிடம் ஒன்றாகவும் செலவிடுமிடம் மற்றொன்றாகவும் இருந்தன. கொடுப்போர்க்குக் கணக்கு எழுதியனுப்பும் வழக்கமும் அதனால் தொடக்கத்திலேயே நிலைபெற்றது. செராம்பூரில் ஈட்டுவோரும் செலவிடுவோரும் ஒருவரே. இத்தற்சார்பு அக்குழுவிற்குப் பெருவலிமை தந்தது. கணக்கை எவரிடம் ஒப்புவிப்பது என்னும் கேள்வியையும் அதுவே எழுப்பியது.

கணக்கு வழக்கு

சங்கத்தின் செயலாளராகிய ஆண்ட்ரூ புல்லர் உயிருடன் இருந்தவரை அக்கேள்வி எழவில்லை. அவர்க்கும் செராம்பூர் மூவர்க்கும் இடையே நிலவிய நட்பே ஒப்பந்தமாக இருந்தது. 1815இல் அவர் இறந்தார். நேரில் அறியாத புதியவர்கள் சங்கப் பொறுப்பேற்றனர். செராம்பூர்ச் சொத்துகள் யார்பெயரில் உள்ளன, அவற்றின்மீது சங்கத்திற்குள்ள உரிமை யாது என அவர்கள் வினவினர். மூவரின் விடை தெளிவானதே. சொத்துகள் தம் உழைப்பால் வாங்கப்பெற்றவை. தமக்கு அவற்றில் தனியுரிமை இல்லை. பணிக்காகவே பொறுப்பேற்று வைத்துள்ளனர். நிருவாகம் மட்டும் களத்திலிருப்போரிடமே இருத்தல் வேண்டும் என்றனர்.

அறநோக்கில் இவ்விடை குறையற்றது. நிருவாக நோக்கில் அதில் ஓர் இடைவெளி உள்ளது. உடைமையைத் துறந்தவர் அதிகாரத்தைத் துறக்கவில்லை. தம் தன்னலமின்மையே தமக்குச் சான்று என அவர்கள் கருதினர். தொலைவிலிருந்தோர்க்கு அச்சான்று போதவில்லை. மார்ஷ்மன் செல்வம் சேர்த்தார் என்னும் பழிச்சொல்லும் பரவியது.

உள்ளேயும் இத்தகைய குறை நேர்ந்தது. 1800இல் வகுத்த நிகர்மை விதிகள் பின்வந்த இளையோர்க்கு முழுமையாக விரிவுபெறவில்லை. மூத்தோர் மூவரே முடிவெடுக்கின்றனர் என அவர்கள் வருந்தினர். கேரியின் உடன்பிறந்தார் மகனாகிய யூஸ்டேஸ் கேரி, வில்லியம் பியர்ஸ் முதலியோர் பிரிந்து கல்கத்தாவில் தனிப்பணி தொடங்கினர். அங்கு 1818இல் பாப்திஸ்து மறைப்பணி அச்சகமும் எழுந்தது. சனிக்கிழமை மாலைக் கூட்டம் தீர்த்துவைக்க இயலாத பிணக்காக அது வளர்ந்தது. 1823இல் வார்டு இறந்தார். 1827இல் செராம்பூரும் சங்கமும் முறைப்படி பிரிந்தன.

1830 சனவரியில் பாமர் நிறுவனம் வீழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அலெக்சாந்தர், மாக்கிந்தாஷ் முதலிய கல்கத்தா வணிக முகவர் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தன. பிறரின் வைப்புத்தொகையைக் கொண்டு அவுரியில் அளவிறந்து முதலிட்ட அந்நிறுவனங்களின் வீழ்ச்சியில், செராம்பூரார் பள்ளிகளுக்கென அவற்றில் இட்டுவைத்த நிதிகளும் அழிந்தன. அதே காலத்தில் வில்லியம் கோட்டைக் கல்லூரியின் பேராசிரியர் பதவிகள் நீக்கப்பெற்றமையால் கேரியின் வருவாயும் பெரிதும் குறைந்தது. தம் கையால் ஈட்டிய பொருளைத் தாம் நுகராது காத்தவர்கள், அதனைப் பிறர் கையில் ஒப்படைத்தபோது ஆபத்தைக் கணிக்கத் தவறினர்.

1834 சூன் 9ஆம் நாள் கேரி இறந்தார். செராம்பூர்ச் சொத்துகளில் தமக்கு எவ்வுரிமையும் இல்லை எனத் தம் இறுதிமுறியில் அவர் எழுதியிருந்தார். மகன் யாபேசுக்குச் சேரவேண்டிய 1,500 ரூபாயைத் தம் நூல்களை விற்றே கொடுக்குமாறும் அதில் குறித்திருந்தார். பழிச்சொற்களுக்கு அம்முறியே விடையாயிற்று. 1837 திசம்பரில் மார்ஷ்மனும் இறந்தார். அவ்வாண்டிலேயே சங்கத்துடன் மீண்டும் இணைவதற்கான உடன்பாடு எட்டப்பெற்றது. 1845இல் செராம்பூரும் தரங்கம்பாடியும் ஒரே உடன்படிக்கையால் ஆங்கிலேயர்க்கு விற்கப்பெற்றன.

அலிப்பூர்க் கழகம்

இப்பிணக்குகள் முற்றிய காலத்திலேதான் கேரி வேளாண் கழகத்திற்கான அறிக்கையை எழுதினார் என்பது கருதத்தக்கது. 1820 ஏப்பிரலில் செராம்பூரிலிருந்து அவர் அதனை வெளியிட்டார். செப்டம்பர் 14ஆம் நாள் கழகம் தோன்றியது. தரிசு நிலத்தைப் பண்படுத்துதல், நல்விதைகளைப் பரப்புதல், எருவிடுதல், பயிர்களை மாற்றிப் பயிரிடுதல், கால்நடைகளை மேம்படுத்துதல் ஆகியன அதன் நோக்கங்கள்.

அறிக்கையின் மற்றொரு கூறு மிக முதன்மையானது. இந்தியர் உறுப்பினராகலாம் என்பதோடு கேரி நிற்கவில்லை. ஐரோப்பியரைப் போன்றே அவர்களும் கழகத்தின் பொறுப்புகளை வகிக்கவேண்டும் எனவும் வலியுறுத்தினார். நிலமும் உழவரும் அவர்களுடையோர் ஆதலின், சீர்திருத்தமும் அவர்கள் வழியே நடைபெறவேண்டும் என்பது அவர் கருத்து. ராதாகாந்த தேவ், ராம்கமல் சென் போன்ற வைதிக நெறியினர் இக்கழகப் பணியில் ஈடுபட்டனர். உறுப்பினர் கட்டணத்தால் இயங்கியது. பொறுப்பாளர்கள் உறுப்பினர்களால் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். நடவடிக்கைகள் அச்சிட்டு வெளியிடப்பெற்றன. நிறுவியவரின் நம்பிக்கையை ஏற்காதவரும் அவரிடம் கணக்குக் கேட்க இயன்றது.

செராம்பூரில் நட்பின்மேல் விடப்பட்டது இங்கு விதியாக எழுதப்பட்டது. இவ்வேறுபாட்டைக் கேரி திட்டமிட்டே அமைத்தார் என்பதற்குச் சான்றில்லை. கழகத்தின் நோக்கம் பொதுவானது. அதன் உறுப்பினர் பல சமயத்தினர். எனவே பொதுவிதிகள் தேவைப்பட்டன. ஆயினும் விளைவு வெளிப்படை. நிறுவியவர் மறைந்தபின்னும் கழகம் பிளவுறாது தொடர்ந்தது. மெட்கால்ப் மண்டபத்தில் அவருடைய பளிங்குச் சிலையை அது நிறுவிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அலிப்பூரில் தன் தோட்டத்தை அமைத்தது. ஆண்டுதோறும் அங்கு மலர்க்கண்காட்சி நடைபெறுகிறது.

முடிவுரை

செராம்பூர் வரலாற்றைத் துறவின் வெற்றியாகவோ வணிகத்தின் தோல்வியாகவோ மட்டும் காண்பது பொருந்தாது. உடைமை கொள்ளாமை என்னும் நெறி அக்குழுவிற்கு முதலீட்டையும், நன்மதிப்பையும், தீயிலிருந்து மீளும் ஆற்றலையும் தந்தது. திறனறிந்து ஆளும் நடைமுறை அறிவு கர்மகார்களையும் பண்டிதர்களையும் அதனோடு பிணைத்தது. கணக்கு ஒப்புவித்தல் என்னும் இரண்டாங்கூறு தனிமனிதரின் நேர்மையை நம்பி விடப்பட்டதால், அந்நேர்மையை அறிந்தோர் மறைந்தவுடன் அது ஐயத்திற்கு இடமாயிற்று.

இது கேரியோடு முடிந்த சிக்கலன்று. அறக்கட்டளைகள், கல்விநிறுவனங்கள், மருத்துவமனைகள் ஆகியவற்றைத் தொடங்கும் சான்றோர் பலர் தம் தூய்மையே போதிய காவல் என எண்ணுகின்றனர். உக்கிராணக்காரன் நேர்மையாளனாக இருப்பினும் கணக்கேட்டினின்று விடுதலை பெறுவதில்லை. ஏடு அவனை ஐயுறுவதற்காக மட்டும் உள்ளதன்று, அவனைக் காப்பதற்காகவும் உள்ளது. அலிப்பூரில் நூல்களைத் தேடிச்செல்லும் தமிழாய்வாளர், அண்மையிலுள்ள அத்தோட்டத்தை இந்நோக்கில் காண்பாராயின், கேரியின் தொழிலறத்தில் நின்று நிலைத்த பகுதி எதுவென அறிந்துகொள்ள இயலும்.